அதிகாரத்தின் செவி: ஆண்டிப்பட்டி சொல்லும் வரலாறு

திருவாரூர் அரண்மனை வாயிலில் மனுநீதிச் சோழன் கட்டித் தொங்கவிட்டதாகச் சொல்லப்படும் ஆராய்ச்சி மணியை அறியாத தமிழ்க் குழந்தை இல்லை. கன்றை இழந்த பசு ஒன்று வந்து கயிற்றை இழுத்தது. மன்னன் எழுந்து வந்தான். இதே போன்றதொரு மணியை அநுராதபுரத்தில் ஆண்ட எல்லாளனும் தன் படுக்கையருகே கட்டியிருந்தான் என்று, அவனுடைய எதிர்த்தரப்பின் நூலாகிய மகாவமிசமே எழுதி வைத்திருக்கின்றது. இக்கதைகளில் நாம் வழக்கமாக வியப்பது மன்னனின் தீர்ப்பை. ஆனால், தீர்ப்பினும் வியக்கத் தக்கது அந்த மணியின் இயல்பு. இழுப்பவர் யார், நண்பரா பகைவரா, இனிய சொல் உரைப்பவரா கடுஞ்சொல் உரைப்பவரா என்று அது கேட்பதில்லை. யார் இழுத்தாலும் ஒலிக்கின்றது.

தமிழக அரசு, அதிகாரிகள் ஊர்தேடிச் சென்று மனுப் பெறும் நாளுக்கு 'மனுநீதி நாள்' என்றே பெயர் சூட்டியிருக்கின்றது. தேனி ஆட்சியர் அலுவலகத்திலும் திங்கட்கிழமைதோறும் குறைதீர்க்கும் கூட்டம் நடைபெறுகின்றது. கூடலூரிலிருந்தும் கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் மனுவை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு பேருந்தேறி வருகின்றவர்களை அங்கே காணலாம். அண்மைக் காலத்தில் அந்த மணியின் கயிறு இன்னும் நீண்டு, நம் கைப்பேசி வரையில் வந்துவிட்டது. அமைச்சர்களும் ஆட்சியர்களும் காவல்துறையினரும் நகராட்சியினரும் சமூக ஊடகங்களில் கணக்குகள் தொடங்கி, அறிவிப்புகளை வெளியிட்டு, மக்களின் குறைகளையும் அங்கேயே கேட்கின்றனர். வரவேற்கத் தக்க மாற்றமே இது.

ஆனால், இந்தப் புதிய மணிக்குப் பழைய மணியில் இல்லாத ஒரு வசதி உண்டு. குறை சொன்னவர் ஒருவருக்கு மட்டும் கயிற்றை அறுத்துவிடலாம். மக்கள் வழக்கில் இதனைப் 'பிளாக் செய்வது' என்கின்றனர். அதிகாரி விரலை ஒருமுறை அழுத்தினால் போதும்; அந்தக் குடிமகன் அப்பக்கத்தில் கேள்வி கேட்க இயலாது; சில தளங்களில் அங்கு வெளியாகும் அறிவிப்பைப் படிக்கவும் இயலாது. விசாரணை இல்லை, காரணம் கூறப்படுவதில்லை, மேல்முறையீடும் இல்லை. குற்றம் சாட்டுபவரும், தீர்ப்பு வழங்குபவரும், தண்டனையை நிறைவேற்றுபவரும் அந்த ஒரே விரல்தான்.

இது கைப்பேசி பெற்றெடுத்த புதுச் சிக்கல் என்று எண்ணுவோர் உளர். அன்று. கருவி புதிது, நோய் பழையது. விமர்சனத்தால் சுடப்பட்டவரே அவ்விமர்சனத்திற்கு நீதிபதியாக அமர்வதுதான் அந்த நோய். இதன் வரலாற்றைத் தேடி நாம் தொலைதூரம் போக வேண்டியதில்லை. மதுரையிலிருந்து உசிலம்பட்டி வழியாகக் கம்பம் பள்ளத்தாக்கை நோக்கி வரும் சாலையிலேயே அது கிடைக்கின்றது.

முதலில் உசிலம்பட்டி வட்டாரம். 1911-ஆம் ஆண்டின் குற்றப் பழங்குடிகள் சட்டத்தை மக்கள் 'ரேகைச் சட்டம்' என்று அழைத்தனர். ஒரு சமூகத்தையே குற்றவாளிகளென அறிவித்து, கைரேகை பதியச் செய்து, இரவுகளில் காவல் நிலையத்தில் வந்து படுக்கச் செய்த சட்டம் அது. அதனுள் ஒளிந்திருந்த ஒரு விதியைப் பலரும் கவனிப்பதில்லை. இன்ன சமூகம் குற்றச் சமூகம் என்று அரசு வெளியிடும் அறிவிப்பு செல்லுமா செல்லாதா என்று எந்த நீதிமன்றமும் கேட்கலாகாது என அச்சட்டமே தடுத்து வைத்திருந்தது. குறை சொல்வதற்கு வாய் இருந்தும், கேட்பதற்குச் செவி இல்லாதபடி சட்டத்தாலேயே செய்துவைத்தனர். அதன் விளைவு 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடாக வெடித்தது. மாயக்காள் என்னும் பெண்மணி உள்ளிட்டோர் அங்கே உயிர்நீத்தனர்.

அம்மக்களுக்காக வாதாட வந்தவர் மதுரையில் வழக்குரைஞராக இருந்த பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப். செங்கன்னூரில் பிறந்து இலண்டனில் சட்டம் பயின்ற அவரை மக்கள் 'ரோசாப்பூ துரை' என்று அன்புடன் அழைத்தனர். அடைக்கப்பட்ட கதவு எத்தகையது என்பதை அவர் தம் வாழ்விலும் அறிந்திருந்தார். 1918-இல் சுயாட்சிக் கோரிக்கையை இங்கிலாந்து மக்களிடம் நேரில் எடுத்துரைக்கச் சையத் ஹுசைன் முதலியோருடன் கப்பலேறியபோது, ஜிப்ரால்டரிலேயே தடுக்கப்பட்டுத் திருப்பி அனுப்பப்பட்டார். பின்னர் அலகாபாத்தில் மோதிலால் நேருவின் 'இண்டிபெண்டென்ட்' ஏட்டுக்கு ஆசிரியராயிருந்தபோது 1921 டிசம்பரில் சிறை புகுந்தார். கேட்க விரும்பாத அரசு, பேசுபவரைக் கடல் நடுவிலும் மறிக்கும், அச்சகத்திலும் மறிக்கும்.

வெள்ளையர் போனபின் அந்நோய் போய்விட்டதா? குடியரசு பிறந்து ஐந்து வாரங்களே ஆகியிருந்தன. 1950 மார்ச் 1-ஆம் நாள், கம்பம் பள்ளத்தாக்கையும் தன்னுள் கொண்டிருந்த அன்றைய சென்னை மாநில அரசு, பம்பாயிலிருந்து ரொமேஷ் தாப்பர் நடத்திய 'கிராஸ் ரோட்ஸ்' என்னும் வார ஏடு தன் எல்லைக்குள் நுழையக் கூடாது என ஆணையிட்டது. ஏடு அச்சாகலாம்; ஆனால் நம் ஊர் வாசகன் கையில் கிடைக்கலாகாது. இன்று திரையில் செய்வதை அன்று மாநில எல்லையில் செய்தனர். அவ்வாண்டு மே 26-ஆம் நாள் உச்சநீதிமன்றம் இவ்வாணையைச் செல்லாதென்றது. கருத்தை வெளியிடும் உரிமை, அதைப் பரப்பும் உரிமையையும் உள்ளடக்கியது; பரவ விடாமல் செய்துவிட்டால் வெளியிட்டதற்குப் பொருளில்லை என்பது நீதியரசர் பதஞ்சலி சாஸ்திரி எழுதிய அத்தீர்ப்பின் சாரம்.

இதில் நம் வாசகர்கள் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அத்தீர்ப்பில் மாறுபட்டு எழுதியவர் நீதியரசர் சையத் ஃபசல் அலி. பொது அமைதியைக் காக்கும் பொறுப்புள்ள அரசுக்கு அவ்வதிகாரம் இருக்க வேண்டும் என்பது அவர் கருத்து. அதற்கு ஒரு வாரம் முன்னர்தான், ஏ. கே. கோபாலன் தொடுத்த தடுப்புக்காவல் வழக்கில், தனிமனித சுதந்திரத்தின் பக்கம் நின்று அவர் எழுதிய மாறுபட்ட தீர்ப்பைப் பிற்கால நீதிமன்றங்கள் போற்றித் தழுவிக்கொண்டன. சுதந்திரத்தின்பால் பற்றுடைய அவரே இவ்வழக்கில் தயங்கினார் என்றால், அமைதி குலையுமோ என்னும் அச்சம் வெறும் சாக்குப்போக்கு மட்டுமன்று என்பது விளங்கும். அவ்வச்சத்தை முன்னிட்டே 1951 ஜூனில் அரசியலமைப்பின் முதல் திருத்தம் 'பொது ஒழுங்கு' என்னும் காரணத்தையும் சேர்த்தது. ஆயினும், கட்டுப்பாடு நியாயமானதாக இருக்கவேண்டும் என்ற சொல்லும் அதே திருத்தத்தில்தான் இடம் பெற்றது. நியாயமானதா என்று அளப்பவர் கட்டுப்பாட்டை விதித்தவராக இருக்க முடியாது என்பதே அச்சொல்லின் உட்பொருள்.

இனி ஆண்டிப்பட்டிக்கு வருவோம். கணவாயைத் தாண்டியதும் நம்மை எதிர்கொள்ளும் இச்சிற்றூர், இரண்டு முதலமைச்சர்களைச் சட்டமன்றத்திற்கு அனுப்பிய தொகுதி. 1984 டிசம்பர் தேர்தலில், அமெரிக்க மருத்துவமனையில் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்த எம்.ஜி.ஆரை இத்தொகுதி மக்கள் வெற்றிபெறச் செய்தனர். 2002 பிப்ரவரி இடைத்தேர்தலில் ஜெயலலிதாவைத் தேர்ந்தெடுத்தனர். இருவரும் இத்தொகுதியின் உறுப்பினர்களாகவும் நாட்டின் முதல்வர்களாகவும் இருந்த காலங்களில், பேரவையின் உரிமை மீறல் என்னும் ஆயுதம் பத்திரிகைகளின்மீது பாய்ந்தது.

1987 மார்ச் 29 இதழின் அட்டையில் 'ஆனந்த விகடன்' ஒரு நகைச்சுவைச் சித்திரம் வெளியிட்டது. மேடையில் இருப்பவருள் எவர் சட்டமன்ற உறுப்பினர், எவர் அமைச்சர் என ஒருவர் வினவ, ஒருவரைப் பிக்பாக்கெட்டுக்கும் மற்றவரை முகமூடிக் கொள்ளைக்காரனுக்கும் ஒப்பிட்டு விடை வருகின்றது. யாருடைய பெயரும் அதில் இல்லை. ஏப்ரல் 4-ஆம் நாள், பி. எச். பாண்டியன் தலைமையிலிருந்த பேரவை, ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. எங்கும் கண்டனம் எழுந்தது. இரண்டு நாட்களில் விடுதலையானார். 1994-இல் சென்னை உயர்நீதிமன்றம் அக்கைது முறையற்றதெனக் கண்டு, இழப்பீடாக ஆயிரம் ரூபாய் வழங்கச் செய்தது. தொகை சிறிது, அது சொன்ன செய்தி பெரிது.

பதினாறு ஆண்டுகள் கழிந்தன. 2003 நவம்பர் 7-ஆம் நாள், கா. காளிமுத்து தலைமையிலிருந்த பேரவை, 'தி இந்து' நாளேட்டைச் சேர்ந்த ஐவருக்கும், அவ்வேட்டின் தலையங்கத்தைத் தமிழில் வெளியிட்ட 'முரசொலி'யின் ஆசிரியருக்கும் பதினைந்து நாள் சிறைவாசம் விதித்தது. அத்தலையங்கம் எதைப் பற்றியது? அரசின் சகிப்பின்மை பெருகி வருகின்றது என்பதைப் பற்றியது! சகிப்பின்மையைச் சுட்டியதைச் சகிக்க இயலாமல், காவலர்கள் பத்திரிகை அலுவலகத்திற்கே சென்று தேடினர். மூன்று நாட்களில் உச்சநீதிமன்றம் அத்தண்டனையை நிறுத்தி வைத்தது.

இவ்விரு நிகழ்ச்சிகளிலும் கட்சி மாச்சரியத்தைத் தேடுவது நம் நோக்கமன்று. எக்கட்சி ஆண்டாலும் இந்த ஆசை தோன்றக் கூடியதே. நாம் காண வேண்டியது நடைமுறையை. நகைக்கப்பட்டவர்கள் கூடி, நகைத்தவரைத் தாங்களே விசாரித்துத் தாங்களே தண்டித்தனர். ஒரு விரலால் இன்று செய்யப்படுவதை அன்று இருநூறுக்கு மேற்பட்டோர் கொண்ட அவை செய்தது. எண்ணிக்கை கூடியதால் நீதி கூடிவிடவில்லை. இன்னொன்றையும் நினைவிற் கொள்க. ஆண்டிப்பட்டி வாக்காளர் தம் உறுப்பினரைச் சென்னைக்கு அனுப்பியது, அவர் தம்மைப் பற்றிப் பேசுவார், தம் குரலைக் கேட்பார் என்பதற்காகவே. பேரவையின் உரிமைகள் எல்லாம் அக்குரல் தடையின்றி ஒலிக்கத் தரப்பட்டவை. மக்களின் வாயை அடைக்கத் தரப்பட்டவையல்ல.

இந்தப் பள்ளத்தாக்கு வாய் அடங்கிய பூமியும் அன்று. விடுதலைப் போராட்டக் காலத்தில் கம்பம் பீர்முகம்மது பாவலர் தேசியப் பாடல்களால் பெயர் பெற்றார். பண்ணைப்புரம் பாவலர் வரதராசன் 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் மலைத் தோட்டத் தொழிலாளரிடையே பாடிப் பிரசாரம் செய்தார். இரு பாவலர்களும் வெவ்வேறு காலத்தவர், வெவ்வேறு இயக்கத்தவர். ஆளுவோரை நோக்கிப் பாட்டால் பேசுவது இம்மண்ணின் வழக்கம் என்பதற்கு இருவருமே சான்று. அவ்வழக்கம்தான் இன்று கைப்பேசிக்கு இடம் மாறியிருக்கின்றது.

நீதிமன்றங்கள் படிப்படியாக இந்நோய்க்கு மருந்து கண்டுவந்துள்ளன. 1994-இல் 'நக்கீரன்' இதழ், தூக்குத் தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் வாழ்க்கைக் கதையை வெளியிட முனைந்தபோது, சிறைத்துறைத் தலைமை அதிகாரி அதனை நிறுத்தும்படி எச்சரித்துக் கடிதம் எழுதினார். அவ்வழக்கில் உச்சநீதிமன்றம் அவ்வாண்டு அக்டோபர் 7-ஆம் நாள் தெளிவாகக் கூறியது: தம்மைப் பற்றி அவதூறு வரக்கூடும் என்று அஞ்சி, வெளியீட்டை முன்கூட்டியே தடுக்க அதிகாரிகளுக்கு உரிமையில்லை. அவர்தம் அலுவல் கடமை பற்றிய விமர்சனத்தில், உண்மையை அறவே பொருட்படுத்தாத பொய் என்று காட்டினாலன்றி இழப்பீடு கோரவும் இயலாது. அரசு நிறுவனங்களோ அவதூறுக்காக இழப்பீட்டு வழக்கே தொடுக்க முடியாது.

2015 மார்ச் 24-ஆம் நாள், எரிச்சலூட்டும் செய்தி அனுப்பினாலே சிறை என்ற தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஏ பிரிவை உச்சநீதிமன்றம் நீக்கியது. யாருக்கு எது எரிச்சல் என்று யாரால் வரையறுக்க முடியும்? 2020 மே மாதத்தில் சென்னை உயர்நீதிமன்ற நீதியரசர் அப்துல் குத்தூஸ், மாநில அரசு பத்திரிகை ஆசிரியர்கள்மீது தொடுத்திருந்த குற்றவியல் அவதூறு வழக்குகளை நீக்கியபோது, அரசை ஒரு பெற்றோருக்கு ஒப்பிட்டார். பிள்ளைகள் வைதாலும் பெற்றோர் எளிதில் அவர்களைக் கைவிடுவதில்லை என்னும் கருத்து, குடும்பம் நடத்தும் நமக்கு நன்கு விளங்கும்.

எனினும் நோய் முற்றத் தீர்ந்தபாடில்லை. 1987-இல் அட்டைச் சித்திரத்திற்காகத் தண்டிக்கப்பட்ட அதே விகடன் நிறுவனத்தின் இணையதளம், பிரதமரைப் பற்றிய ஒரு கேலிச் சித்திரத்தின் பொருட்டு 2025 பிப்ரவரியில் முடக்கப்பட்டது. ஒரு படத்திற்காக முழுத் தளத்தையும் அடைத்தனர். மார்ச் மாதத்தில் சென்னை உயர்நீதிமன்றம், அப்படத்தை மட்டும் தற்காலிகமாக அகற்றச் செய்து, தளத்தைத் திறக்குமாறு பணித்தது. சிறைக் கதவு போய்த் திரைக் கதவு வந்தது, அவ்வளவே.

அதிகாரி தம் பக்கத்திலிருந்து ஒரு குடிமகனை விலக்குவது பற்றி அமெரிக்காவில் நேரடியாகவே வழக்குகள் நடந்துள்ளன. தம்மை விமர்சித்தவர்களை அதிபர் டிரம்ப் ட்விட்டரில் தடுத்தது அரசியலமைப்புக்கு முரண் என்று நியூயார்க் நீதிமன்றம் 2018 மே மாதத்தில் கூறியது. மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2019 ஜூலையில் அதனை ஏற்றது. அவர் பதவியை விட்டு இறங்கியபின், வழக்கு பொருளற்றுப் போனதென்று 2021-இல் அங்குள்ள உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கிவிட்டது. பின்னர், மிச்சிகன் மாநிலத்தின் போர்ட் ஹூரன் நகர மேலாளர், கொரோனாக் காலப் பணிகளைக் குறை கூறிய ஒருவரைத் தம் முகநூல் பக்கத்தில் தடுத்த வழக்கில், 2024 மார்ச் 15-ஆம் நாள் ஒருமனதாக ஓர் அளவுகோல் வகுத்தது. அரசின் சார்பில் பேசும் அதிகாரம் உண்மையிலேயே அவருக்கு இருந்ததா? குறிப்பிட்ட பதிவில் அவ்வதிகாரத்தைக் கொண்டுதான் பேசினாரா? இரண்டிற்கும் ஆம் என்றால், அது அரசின் செயல். அரசமைப்பின் கட்டுப்பாட்டிற்கு உட்பட்டது. இல்லையேல், அது அவருடைய சொந்த வீட்டுத் திண்ணை.

இப்பாகுபாடு நமக்கும் ஏற்றதே. அதிகாரியும் மனிதர், அவருக்கும் குடும்பம் உண்டு. பேரனின் பிறந்தநாள் படத்தை அவர் யாருக்குக் காட்டுவது, யாருக்கு மறைப்பது என்பது அவர் விருப்பம். ஆனால் அலுவலகப் பெயரால் நடத்தப்படும் பக்கம் ஊர்ச் சாவடியைப் போன்றது. அங்கே வந்தமர வரி கட்டும் ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு. ஆண்டிப்பட்டிக்கு அருகிலேயே இருக்கும் வைகை அணையை எண்ணிப் பாருங்கள். 71 அடி வரை நீரைத் தேக்கும் அவ்வணையில் நீர் 66 அடியை எட்டும்போது முதல் வெள்ள அபாய எச்சரிக்கை விடப்படுகின்றது; பின் 68.5 அடியில் இரண்டாவது; 69 அடியில் மூன்றாவது. இவ்வறிவிப்புகள் இன்று கைப்பேசி வழியாகவும் பரவுகின்றன. சாலை சரியில்லை என்று முந்தைய மாதம் கடிந்து எழுதினார் என்பதற்காக, ஆற்றங்கரையில் குடியிருக்கும் ஒருவருக்கு அப்பக்கம் மூடப்படுமானால், அது மனத்தாங்கலோடு முடிகின்ற காரியமா?

மறுபக்கத்தையும் மறுக்கலாகாது. ஆபாசம், கொலை மிரட்டல், ஒரு சமூகத்தின்மீது வெறுப்பை ஏவும் பொய் ஆகியவை வந்து குவிகின்றன. பெண் அதிகாரிகள் படும் பாடு சொல்லுந்தரமன்று. வெறுப்புரையின் கொடுமையை அனுபவித்தறிந்த நம் சமூகம், எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிடுக என்று சொல்லாது. மிரட்டியவர்மீது சட்டம் பாயட்டும்; ஆபாசப் பதிவு நீக்கப்படட்டும். ஆனால் எது நீக்கப்படும் என்ற விதி முன்கூட்டியே எழுதி வைக்கப்பட வேண்டும். புகழ்ந்தவர்க்கும் இகழ்ந்தவர்க்கும் அது ஒன்றாகவே இருத்தல் வேண்டும். தடுக்கப்பட்டவருக்குக் காரணம் தெரிவிக்கப்பட வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, தடுத்தவரல்லாத வேறொருவரிடம் அவர் முறையிட வழி வேண்டும். ரேகைச் சட்டத்தில் இல்லாதது இந்த இறுதி வழிதான். 2003-இல் பத்திரிகைகளைக் காத்ததும் இந்த வழியே.

இவையெல்லாம் பெரிய பதவியினருக்கு மட்டுமே உரைக்கப்பட்டவை என்று நாம் ஒதுங்கிவிடலாகாது. வார்டு உறுப்பினராக, கூட்டுறவுச் சங்கத் தலைவராக, ஜமாஅத் நிர்வாகியாக நம்மில் பலர் பொறுப்பு வகிக்கின்றோம். கணக்குக் கேட்டவரை வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கிவிட்டு, குழு அமைதியாக இருக்கின்றது என்று மகிழ்வது எளிது. அமைதி வேறு, நிறைவு வேறு. கேள்வி கேட்டவர் வெளியேறினாலும் கேள்வி வெளியேறுவதில்லை. ஆண்டுக்கு ஆறு முறை கூடும் கிராம சபையில் எழுந்து நின்று பேசும் உரிமை நம் எல்லோருக்கும் உண்டு. அங்கே பேசவும், பிறர் பேசும்போது பொறுமையோடு செவிமடுக்கவும் நம் பிள்ளைகளை நாம் பழக்குவோமாக. அவர்களுள் ஒருவர் நாளை தேனியில் ஆட்சியராக அமரக்கூடும். கடுஞ்சொல்லைக் கேட்டும் கயிற்றை அறுக்காத கை அன்று அவருக்கு வேண்டும்.